ஏழாம் நம்பர் ரூம்

"நீங்க புகார் அனுப்புனா, அனுப்புனது யாருன்னு இந்த ஆப்பைச் செஞ்ச எனக்கே தெரியாது மதினி."

சாத்தூர் பஸ்ஸில் முன் சீட்டிலிருந்த கல்லூரிப் பெண் இப்படிச் சொன்னதும் காதைத் தீட்டினேன். பக்கத்திலிருந்த மதினி பட்டாசு ஆலைத் தொழிலாளி.

"அதெப்படித் தாயி?"

"இது புது நெட்வொர்க் முறை. மூணு கம்ப்யூட்டர் வழியாச் சுத்திப் போகும். எந்தக் கம்ப்யூட்டருக்கும் முழு வழி தெரியாது."

"போனைத்தான் ஆலை கேட்டுல வாங்கி வச்சிருவாகளே."

"சாயங்காலம் எல்லாருக்கும் ஒண்ணாத்தான திருப்பிக் குடுக்காக? அப்ப எல்லார் போன்லயிருந்தும் வெத்துச் செய்தி போகும். அதோட உங்களுது கலந்துரும்."

மதினி ஜன்னலைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"என்னன்னு எழுத?"

"ஏழாம் நம்பர் ரூம்ல அளவுக்கு மேல வெடிமருந்து குமிச்சு வைக்காகன்னு எழுதுங்க."

"அந்த ரூம்ல நாங்க நாலே பேருதான் தாயி. அதுல எழுதத் தெரிஞ்சவ நான் ஒருத்திதான்."