கொம்லாவின் வயிற்றில் போட்ட புது வழி

என் பெயர் மேபிள் ஜிக்போடி. வயது 36. கணவர் பெயர் கொம்லா. ஹோ நகரில் லாரி நிலையத்துக்குப் பின்னால் குடியிருக்கிறேன். சந்தையில் வறுத்த மீன் விற்கிறேன். கணவருக்கு நான் சாப்பாட்டில் விஷம் வைத்ததாக அவருடைய அக்கா அஃபிவா கொடுத்த புகார் பற்றி விசாரிக்கப் போலீசார் அழைத்ததன்பேரில் ஆஜராகி இதைச் சொல்கிறேன்.

என் கணவர் ஈஸ்டர் அன்று தேவாலயத்தில், இனி சாராயத்தைத் தொடமாட்டேன் என்று எல்லோர் முன்னிலையிலும் சத்தியம் செய்தார். அதன் பின்பு ஒரு மாலை தொண்டை வலி என்று வீட்டுக்கு வந்தார். உதடு வெந்திருந்தது. கேட்டதற்குக் கஞ்சி சுட்டுவிட்டது என்றார். வலி குறைந்து வேலைக்கும் போனார். சில வாரங்கள் சென்றபின், மத்தியானம் தின்ற அக்ப்ளே களியைச் சாயங்காலம் அப்படியே வாந்தியெடுக்கத் தொடங்கினார். இளைத்துப்போய்க் கால்சட்டை இடுப்பில் நிற்காததால் கயிறு கட்டிவிட்டேன். அதைப் பார்த்த நாத்தனார், "என் தம்பிக்கு என்னடி ஊத்திக் குடுத்த?" என்று தெருவே கூடும்படி கத்திவிட்டு, நேராக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து புகார் கொடுத்தார்.

அதன் பின்பு, ஒருவரையொருவர் நம்பாத காரணத்தால், நானும் நாத்தனாரும் சேர்ந்தே கணவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். அறுவை மருத்துவர் செலாசி வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகும் வாசல் அமிலத்தில் வெந்து, தழும்பு விழுந்து அடைத்துவிட்டது என்று சொல்லி, என்ன குடித்தீர் என்று கேட்டார். கணவர் கூரையைப் பார்த்தார். பின்பு, "டயர் கடையில ஜின் பாட்டில் இருந்துச்சு டாக்டர். ஒரே மடக்குதான். பேட்டரித் தண்ணின்னு வாயில ஊத்தினப்புறந்தான் தெரிஞ்சுது" என்றார்.

"அன்னைக்கே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்னடா?" என்று நாத்தனார் கேட்டார்.

"கடவுள் மன்னிச்சிருவாருக்கா. பாஸ்டர் விடமாட்டாரே!"

முதலில் சிறுகுடலில் குழாய் வைத்து உணவு செலுத்தி உடம்பைத் தேற்றினார்கள். அதன் பின்பு வயிற்றைத் திறந்து, அடைத்த வாசலை அப்படியே விட்டுவிட்டு, இரைப்பையையும் சிறுகுடலையும் வேறிடத்தில் இணைத்துப் புது வழி போட்டார்கள். அறுவை முடியும்வரை நாத்தனார் என் கையை விடவில்லை. அவர் நகம் பதிந்த தடம் இன்னும் இருக்கிறது.

நேற்று வெண்டைக்காய்க் குழம்பு கொடுக்கலாம் என்றார்கள். நாங்கள் இருவரும் தனித்தனியே சமைத்துக் கொண்டுபோனோம். கணவர் நாத்தனாரின் குழம்பை ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்பே இல்லக்கா. அவ மேல புகார் குடுத்தியே, இதுக்கு உன்மேல யாரு குடுக்கிறது?" என்றார். நாத்தனார் கரண்டியை ஓங்கினார். கணவர் தையல் வலிக்கிறது, சிரிப்புக் காட்டாதீர்கள் என்று கெஞ்சினார். விடியும்வரை வாந்தி இல்லை. காலையில் பசிக்கிறது என்றார். அதைக் கேட்டு நாத்தனார்தான் முதலில் அழுதார்.

புகாரைத் திரும்பப் பெற அவர் வெளியே காத்திருக்கிறார். எனக்கு யார் மேலும் குறை இல்லை. சீக்கிரம் அனுப்பினால் இருவரும் சேர்ந்தே மதியச் சமையலுக்குப் போவோம்.

நான் சொன்னபடியே எழுதப்பட்டதைப் படித்துக் காட்டக் கேட்டேன். அத்தனையும் உண்மை என்று கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) மேபிள் ஜிக்போடி