எல்லாருக்கும் அடித்த மணி

குமுதா அக்கா தினமும் காலை எட்டு மணிக்கு ஓர் இரும்புத் துண்டை இடுப்பில் செருகிக்கொண்டு, மணி அடிக்கிறதா என்று பார்க்க அந்தச் சோதனை வாசலைக் கடப்பார், இன்ஸ்பெக்டர் துவான். எனக்கிருந்த சிக்கல் அதுதான்.

ஈப்போவில் ஒரு சிறிய விசாரணை மன்றம். வாசல் என் பராமரிப்பில் இருந்தது, காவல் குமுதா அக்கா. இரண்டு தூண்களுக்கு நடுவே காந்தப் புலம் இருக்கும். உலோகம் கடந்தால் புலம் கலையும், மணி அடிக்கும், எந்த உயரத்தில் என்று விளக்கு காட்டும். எவ்வளவு சிறிய உலோகத்துக்கு அடிக்கவேண்டும் என்பதை ஓர் எண் தீர்மானிக்கும்; எண் கூடக்கூட இன்னும் சிறியதுக்கும் அடிக்கும். எண்ணைக் குறைத்தால் துப்பாக்கி கடந்துவிடும். ஆனால் மறுநாள் காலை அந்த இரும்பும் சத்தமில்லாமல் கடக்கும், குமுதா அக்கா கண்டுபிடித்துவிடுவார்.

என் அக்கா மகள் ஷர்மினி செத்தது தொடர்பாக அவள் கணவன் ரூபன்மீது அதே மன்றத்தில் வழக்கு. பிணையில் இருந்தான். அவளுடைய அப்பா ஜெயபாலன், என் மச்சான், சிம்பாங் பூலாயிலிருந்து வந்து கைத்துப்பாக்கியை என் மேசைமேல் வைத்தார்.

“ஒருத்தன் மட்டும்தான்லா,” என்றார்.

நான் தேநீர் கலக்கினேன்.

பல நாள் யோசித்துவிட்டு எண்ணைக் கூட்டினேன். தாலிக்கு அடித்தது, வளையலுக்கு அடித்தது, ஆண்களின் வெள்ளி அரைஞாணுக்கும் அடித்தது. இடுப்பு விளக்கு எரிந்தால் சட்டையைத் தூக்கச் சொல்லவேண்டும். முதல் வாரம் குமுதா அக்கா சொன்னார். “ஏன்க்கா, அரைஞாண அவுத்துட்டு அம்மணமா வரணுமா?” என்று ஒருவர் கேட்க, வரிசையே சிரித்தது. அதன்பிறகு அப்படிச் சொல்லக் குமுதா அக்காவுக்குக் கூச்சம். வாசலுக்குப் பைத்தியமா என்று என்னிடம் முறையிட்டார். மழை ஈரம் என்றேன்.

மூன்றாம் வாரம் மச்சான் கடந்தார். மணி அடித்தது.

“அரைஞாண்,” என்றார்.

“தெரியும்ண்ணே, போங்க.”

மச்சான் உள்ளே சுட்டதில் ரூபனுக்குத் தோளில் காயம், பிழைத்துக்கொண்டான். ஓடிவந்து மச்சான் கையைப் பிடித்த குமுதா அக்கா அடுத்த குண்டில் இறந்துவிட்டார். அவர் ஓடிவருவார் என்று நான் நினைக்கவில்லை. உட்கார்ந்தே வேலை பார்க்கிறவர்.

குற்றச்சாட்டில் கருவியைச் செயலிழக்கச் செய்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் திருத்துங்கள், துவான். துப்பாக்கிக்கும் அது சரியாகவே அடித்தது. வாசலை ஊமையாக்க வேண்டியதில்லை. எல்லாருக்கும் அடிக்கவைத்தால், காவலுக்கு இருப்பவர் கேட்பதை நிறுத்திவிடுவார்.