ஹெசல்விக் பாலத்தில பந்து

ஓம் பிள்ளை, நாங்கள் இங்கிலாந்தில இருந்த அதே ஊர்தான். ஹெசல்விக். உன்ர அப்பா ஃபோனில சொல்லேக்க எனக்கு முதல் விளங்கேல்லை. மெல்பேர்னில இருக்கிற டொக்டர் பிள்ளை அந்தக் குளிருக்குள்ள போய் ஏன் வேலை செய்யவேணும் எண்டு யோசிச்சனான். பேந்துதான் அவரே சொன்னார், இஞ்சத்தைப் பிள்ளையள் கனபேர் இப்ப உப்பிடிக் கொஞ்சநாள் போய் வாறவையாம் எண்டு. இரு, அதில இராத, அந்தக் கதிரைக்குக் கால் ஆடுது. இதில இரு. என்ர மனுசி, உன்ர அன்ரி, குசினிக்குள்ள தேத்தண்ணி போடுறா.

வீடோ? வீடு எடுக்கிறதெண்டால் மேலூர்ப் பக்கம் எடு. ஆத்துக்குக் கீழ்ப்பக்கம் வாடகை குறைவு, ஆனா மாசியில வெள்ளம் வாசலுக்கு வரும். நாங்கள் இருந்தது சரியா நடுவில, சந்தைச் சதுக்கத்தில. அதில கல்லுத் தூண் வச்ச ஒரு கூரை நிக்கும், பட்டர் குறொஸ் எண்டு சொல்லுவினம். முந்தி சுத்துவட்டாரத்துப் பொம்பிளையள் வெண்ணெயும் முட்டையும் கொண்டந்து அதுக்குக் கீழ இருந்து விக்கிறவையாம். அதுக்கு நேர் முன்னால எங்கட கடை. பேப்பர், பால், சிகரெட், வாழ்த்து மட்டை. அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமையில சந்தை. எழுநூறு வருஷத்துக்கு முந்தி ஒரு ராசா குடுத்த உரிமையாம். பக்கத்து ஊர்க்காரன் அண்டைக்குச் சந்தை போட ஏலாது. காலமை மணி அடிக்க முதல் ஒரு முட்டையும் விக்கக்கூடாது. அப்பிடி வித்த மனுசி ஒருத்தியைத் தூணில கட்டிவச்சு, அவவின்ர முட்டையாலயே எறிஞ்சவையாம். சிரிப்பாத்தான் இருக்கும். எனக்கும் முதல் கேக்கேக்க சிரிப்பு வந்தது.

இன்னொண்டு, கூலிச் சந்தை. ஐப்பசியில வேலை தேடுற சனம் எல்லாம் சதுக்கத்தில வரிசையா நிப்பினமாம். ஆடு மேய்க்கிறவன் தொப்பியில கொஞ்சம் கம்பளி மயிர் குத்திக்கொண்டு நிப்பான். வீட்டு வேலைக்காரி கையில வீடு கூட்டுற தும்புத்தடியோட நிப்பாள். பண்ணைக்காரன் வந்து கையை அமத்திப் பாத்து, பல்லைப் பாத்து, கூட்டிக்கொண்டு போவான். இப்ப அந்த நாளில ராட்டினம் சுத்துது, பிள்ளையள் பஞ்சுமிட்டாய் தின்னுதுகள். லண்டனுக்கு அகதியா வந்த புதுசில நானும் அப்பிடி ஒரு வரிசையில நிண்டவன்தான். அதால அந்தக் கதை எனக்கு நல்லாப் பிடிச்சுப்போச்சு.

எப்பிடி உவ்வளவும் தெரியுமெண்டோ? அங்க ஒரு சரித்திரச் சங்கம் இருக்கு. அதில சேந்தனான். செவ்வாய்க்கிழமையில கடையை அன்ரியிட்ட விட்டிட்டு, வெளியால இருந்து வாற ஆக்களைக் கூட்டிக்கொண்டு ஊரைச் சுத்திக் காட்டுவன். நாட்டில, எங்கட ஊர்ச் சந்தை எங்கட கண்ணுக்கு முன்னால எரிஞ்சது, பிள்ளை. ஒரு பின்னேரம், ஒரே ஒரு பிளேன் குண்டு போட்டு. இந்தச் சந்தை எழுநூறு வருஷமா நிக்குதெண்டால் இனி ஒண்டும் செய்யாது எண்டு எனக்கு ஒரு நினைப்பு. அங்க இருந்தால் நாங்களும் நிப்பம் எண்ட மாதிரி.

நல்ல சனம். அதை நான் சொல்லவேணும். அன்ரிக்கு ஒப்பரேசன் நடந்த நேரம் பக்கத்துக் கடை ஷீலா எங்களுக்குச் சமைச்சுத் தந்தவ. உறைப்பில்லாத இறைச்சியும் அவிச்ச கிழங்கும்தான், ஆனா ஒரு நாளும் விடேல்லை.

ஓ, பந்து விளையாட்டோ? கொம்பியூட்டரில பாத்தனியோ? படமெல்லாம் போட்டிருப்பினம். அதுதான் அந்த ஊரின்ர பெரிய கொண்டாட்டம். ஈஸ்டருக்கு முந்தி அவையளுக்கு ஒரு நோன்பு வரும். அது துடங்கிறதுக்கு முதல்நாள். எல்லாக் கடைக்கும் பலகை அடிச்சு மூடுவினம். மேலூர் ஒரு பக்கம், கீழூர் ஒரு பக்கம். ஆத்துக்கு எந்தக் கரையில இருக்கிறியோ அதுதான் உன்ர கட்சி. தடிச்ச தோலில தைச்ச பெரிய பந்து, மிதக்கிறதுக்கு உள்ளுக்குத் தக்கை, ஆனா நல்ல பாரம். பாலத்தில இருந்து பந்து விழுந்த உடன நூறு, இருநூறு ஆம்பிளையள் ஒருத்தனுக்கு மேல ஒருத்தன் விழுவாங்கள். தெருவால போகும், தோட்டத்துக்குள்ளால போகும், ஆத்துக்குள்ளயும் போகும். பழைய மில்லின்ர சுவரில பந்தைக் கொண்டுபோய் முட்டினால் கீழூருக்கு வெற்றி. மேலூருக்கு அவையளின்ர வேதக்கோயில் மதில். சட்டமெண்டு ஒண்டும் இல்லை. ஆளைக் கொல்லக்கூடாது, அதொண்டுதான் சட்டம் எண்டு பகிடியாச் சொல்லுவினம். நானும் வாற ஆக்களுக்கு அந்தப் பகிடியைச் சொல்லுறனான்.

வெளி ஆக்களைச் சேக்கிறவையோ? சேக்கிறவை. ஆனா பந்தைத் தொட விடமாட்டினம். தொட்டவனை ஊரவன் எண்டு எண்ணுவினம். எங்கட ஆக்களில ஒரு பெடியன் அதைத் தொட்டவன். கீழூர்ப் பள்ளிக்கூடத்தில கணக்குப் படிப்பிச்சவன். தொட்டது மட்டுமில்லை, மில்லுச் சுவரில கொண்டுபோய் முட்டினவன். அண்டைக்குக் கீழூர்ச் சனம் அவனைத் தோளில தூக்கிக்கொண்டு சதுக்கத்தைச் சுத்தி வந்தது. சேறு பூசின முகம், பல்லு மட்டும் தெரியுது. நான் கடை வாசலில நிண்டு பாத்தனான்.

அடுத்த வருஷம் கடும் மழை. ஆறு பாலத்தின்ர வளைவுமட்டும் ஏறி மண்ணிறத்தில ஓடுது. தண்ணிக்குள்ள ஒருத்தரும் இறங்காதேங்கோ எண்டு பொலீஸ் ஒலிபெருக்கியில சொல்லிக்கொண்டுதான் இருந்தது. ஆனா பந்து தண்ணிக்குள்ள போனால் அந்த நேரத்தில அது ஆரின்ர காதில விழும்? கொஞ்சப் பேர் குதிச்சாங்கள். மற்றவங்கள் எல்லாம் கரையேறிட்டாங்கள். அவன் ஏறேல்லை.

இல்லைப் பிள்ளை, நிப்பாட்டேல்லை. ஒருத்தருக்கும் தெரியாது. பந்து அங்கால மிதந்து, ஆரோ எடுத்து, விளையாட்டு அது பாட்டுக்குப் போச்சு. கோயில் மதிலில முட்டி மேலூர் வெண்டு, சனம் கத்தி, குடிக்கப் போய், அதுக்குப் பிறகுதான் எங்க அவனைக் காணேல்லை எண்டு ஆரோ கேட்டது. மில்லுக்குக் கீழ இருக்கிற அணைக்கட்டில எடுத்தவை.

அப்ப நானோ? நான் பாலத்தில நிண்டனான். லீட்ஸில இருந்து ஒரு பஸ் நிறையச் சனம் வந்திருந்தது. அவையளுக்கு ஆறு எப்பிடி ஊரை ரெண்டாப் பிரிச்சதெண்டு விளங்கப்படுத்திக்கொண்டு நிண்டனான். அவன் குதிச்சதைக் கண்டனான். பாருங்கோ, அது என்ர மகன் எண்டு அவையளுக்குச் சொன்னனான்.

ஓம். பிரஷாந்தன். எங்கட மூத்தவன்.

உன்ர அப்பா சொல்லேல்லைப் போல. அவருக்கும் விபத்து எண்டுதான் தெரியும். இஞ்ச நாங்கள் கனக்கக் கதைக்கிறேல்லை. பரவாயில்லை, அதில ரிசு இருக்கு, எடு, கண்ணைத் துடை. நீ அங்க போனால் எப்பிடியும் ஆரும் சொல்லுவினம், அதுதான் நானே சொல்லுறன்.

பேந்து மண்டபத்தில ஊர்க்கூட்டம் வச்சவை. விளையாட்டு தொடரவேணுமோ எண்டு. ஊரே வந்தது. அழாத ஆக்கள் இல்லை. கடைசியா அன்ரி எழும்பினவ. அவவுக்கு இங்கிலீஸ் பெரிசா வராது, கடைக்குக் காணும் அவ்வளவுதான். ஒரு வருஷம் நிப்பாட்டுங்கோ, ஒரு வருஷம் மட்டும், எண்டு கேட்டவ. அதுக்கு மேல ஒண்டும் கேக்கேல்லை.

சங்கத்துத் தலைவர் எழும்பி, கொள்ளைநோய்க்கும் நிக்காத விளையாட்டு, ரெண்டு உலகச் சண்டைக்கும் நிக்காத விளையாட்டு, அவனே உயிரோட இருந்தால் நிப்பாட்ட விடமாட்டான் எண்டு சொன்னார். தொடரவேணும் எண்டுறவையைக் கை உயத்தச் சொல்லிக் கேட்டினம். ஷீலாவும் கை உயத்தினவ. அழுதுகொண்டுதான் உயத்தினவ.

அடுத்த வருஷம் துடங்க முதல் பாலத்தில ஒரு நிமிஷம் சத்தமில்லாமல் நிண்டு, அவன்ர பேரை வாசிச்சினம். வாயில நுழையாமல் பிரசாண்டன் எண்டு வாசிச்சினம். இப்ப அது ஒவ்வொரு வருஷமும் நடக்குது. வாற சனத்துக்குக் குடுக்கிற தாளில, எங்கட ஊர் வழக்கங்கள் எண்டு போட்டு, முட்டைக்காரிக்குக் கீழ அவனையும் போட்டிருக்கு.

எங்களோட ஒருத்தரும் கோவிக்கேல்லை. ஆனா சந்தை நாளில கடைக்கு வாற சனம் குறைஞ்சு போச்சு. எங்கட முகத்தைப் பாக்க அவையளுக்கு ஏலாமல் இருந்திருக்கும். மகள் இஞ்ச நோபல் பார்க்கில வீடு வாங்கின உடன, வாங்கோ எண்டு கூப்பிட்டாள். வந்திட்டம்.

போன மாசம் அந்தத் தலைவர் ஃபோன் எடுத்தவர். இந்தமுறையோட அவன் போய்ப் பத்து வருஷமாம். ஒவ்வொரு வருஷமும் மதிப்பான ஆள் ஒருத்தரைக் கூப்பிட்டுத்தான் பாலத்தில இருந்து பந்தை எறிவிக்கிறவை. இந்தமுறை நான் வந்து எறியவேணுமாம். ஊர் முழுக்க விரும்புதாம். ஓம் எண்டு சொல்லிப்போட்டன்.

மகளும் உப்பிடித்தான் சொல்லுறாள், அப்பா போங்கோ, மனம் ஆறும் எண்டு. அவள் அப்பிடி நினைச்சுக்கொண்டு இருக்கட்டும்.

பிள்ளை, அங்க ஒரு ஒழுங்கு இருக்கு. மத்தியானம் கோயில் மணி அடிக்கத் துடங்கும். அது ஓயிறதுக்கிடையில பந்து எறியிற ஆளின்ர கையை விட்டுப் போகவேணும். போகாட்டில் அந்த வருஷம் விளையாட்டு இல்லை. மற்றவன் வாங்கி எறியவும் ஏலாது. எழுநூறு வருஷத்தில ஒருக்காலும் அப்பிடி நடக்கேல்லை. ஆர்தான் எறியாமல் நிண்டவை?

நான் எறியப்போறதில்லை. நெஞ்சோட பிடிச்சுக்கொண்டு நிக்கப்போறன். கத்துவினம், கெஞ்சுவினம், சிலவேளை காறித் துப்புவினம். ஆனா பறிக்கமாட்டினம். வழக்கத்தை விட்டு ஒண்டும் செய்யமாட்டினம், அவையளை எனக்குத் தெரியும்.

நீ அங்க போய் ஒருத்தருக்கும் வாய் திறக்காத. இஞ்ச மகளுக்கும் சொல்லாத.

அன்ரிக்குத் தெரியும். ரெண்டு பேருக்கும் பிளேன் ரிக்கற் எடுத்தது அவதான். நேற்றுச் சாப்பிடேக்க கேட்டவ, பந்து பாரமாமே, மணி ஓயுமட்டும் பிடிச்சுக்கொண்டு நிக்க உங்கட கையில பெலன் இருக்கோ எண்டு.

இருக்கு எண்டனான்.