பிள்ளைகள் யாரிடம்

– பிரியறதுக்கு ரெண்டு பேருக்கும் சம்மதம், வழக்காட ஒண்ணும் இல்லன்னு மனுவுல அடிச்சாச்சு. வக்கீல் ஐயா வந்து ஒரு பார்வை பார்த்துட்டா முடிஞ்சது. இந்த ஒரு இடம்தான் பாக்கி, சரிங்களா? பிள்ளைங்க யார்கிட்ட இருப்பாங்க?

– அவகிட்ட.

– அவர்கிட்ட.

– ஒருத்தர் ஒருத்தரா சொல்லுங்க, சரிங்களா? நான் டைப் அடிக்கணும்.

– அம்மாகிட்டதான் மேடம். பெரியவ வளர்ற பொண்ணு. நான் லிஃப்ட் ரிப்பேர் பாக்குறவன். எந்நேரம் எங்கருந்து கூப்பிடுவாங்கன்னு எனக்கே தெரியாது. அதான்.

– எனக்கு மட்டும் ஆஸ்பத்திரியில நைட் டூட்டி இல்லையா? சின்னவனுக்கு மூச்சு இழுத்தா யாரு மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருக்கிறது? நீங்கதானே. நான் தூக்கினா அவன் அழுகை நிக்கவே நிக்காது.

– அப்பல்லாம் நீ வீட்ல இல்ல. அதான் நான் பார்த்தேன்.

– சார், கொஞ்சம் உக்காருங்க. நீங்க குறுக்கயும் நெடுக்கயும் நடந்தா எனக்குக் கை தப்புது.

– உக்கார முடியல மேடம்.

– இங்க வர்றவங்க பிள்ளைய ஆளுக்கொரு பக்கம் இழுப்பாங்க. நீங்க என்னடான்னா தள்ளிவிடுறீங்க. தப்பா எடுத்துக்காதீங்கம்மா, பிள்ளைங்க வேண்டாமா உங்களுக்கு?

– அதுங்க இல்லாத வீட்ல எனக்கு எப்படித் தூக்கம் வரும்னே தெரியல மேடம். ஆனா வாயைத் திறந்தா அப்பா, அப்பாதான். அவர்கிட்டருந்து பிடுங்கிட்டுப் போய் நான் என்ன வாழ்ந்துடப்போறேன்?

– உனக்கு அப்படித் தெரியுது. நீ டூட்டிக்குப் போனதும் வாசலையே பார்த்துக்கிட்டு, அம்மா எப்ப வருவான்னு என் உயிரை எடுக்குதுங்க.

– இத்தனை நாள்ல இதை நீங்க சொன்னதே இல்லையே.

– நாம எங்க பேசினோம்?

– சரி விடுங்க. ஆளுக்கு ஒரு பிள்ளைன்னு போட்டுடவா? நிறைய பேர் அப்படிப் போடுறாங்க.

– வேண்டாம்.

– வேண்டவே வேண்டாம் மேடம். அதுங்க ஒண்ண விட்டு ஒண்ணு இருக்காது.

– இதுல மட்டும் ரெண்டு பேரும் ஒத்துப்போறீங்க. அப்ப நான் என்னதான் அடிக்கிறது? நீதிபதி முதல்ல கேக்கறதே இதைத்தான், சரிங்களா? பிள்ளைங்களையாவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?

– மனசு உடைஞ்சுபோகும்னு கேக்கல மேடம்.

– நான் கேட்டேன்.

– எப்போ?

– இன்னிக்குக் காலையில, பெரியவளுக்குத் தலை பின்னிவிடும்போது. உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னுதான் இருந்தேன். சிரிப்பீங்க.

– நான் சிரிக்கிற நிலைமையிலயா இருக்கேன்? சொல்லு. என்ன சொன்னா?

– "நாங்க எதுக்கும்மா பெட்டியைத் தூக்கணும்? பிரியறது நீங்கதானே? நானும் தம்பியும் இந்த வீட்லயே இருக்கோம். நீயும் அப்பாவும் மாத்தி மாத்தி வாங்க"ன்னா.