உயிரோடிருந்த பாடகிக்கு ஓர் அஞ்சலி

மோர்னிங்சைட் வீதி பஸ்சில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு நடுவயதுக்காரர்கள். மடியில் பழைய இசைத்தட்டு வைத்திருந்தவர் சொன்னார்:

“நான் அஞ்சலி போட்ட மனுசி நேற்று எனக்கு மெசேஜ் போட்டிருக்கிறா.”

“ஆர் அண்ணை?”

“இந்தத் தட்டில பாடின ஒஸ்ரேலியாக்காரி. எழுபதுகளில இந்த ஒரு தட்டோட ஆளைக் காணேல்லை. அங்கையே அவவை ஒருத்தருக்கும் தெரியாது. செத்துப்போனா எண்டு நினைச்சு, பாட்டை இன்ரநெற்றில ஏத்தி, அவவின்ர படத்துக்கு மாலையும் விளக்கும் வைச்சு, இங்கிலீசில கண்ணீர் அஞ்சலி எழுதிப்போட்டன்.”

“ஐயோ. அழிச்சுப்போட்டியளோ?”

“அழிக்க வேண்டாமாம். அந்தப் பாட்டைப் பற்றி ஒருத்தர் நல்லதாச் சொன்னது இதுதான் முதல்தரமாம்.”

மற்றவர் தட்டின் அட்டையை எட்டிப் பார்த்தார்.

“அப்ப விளக்கை மட்டும் எடுத்துவிடுங்கோ,” என்றார்.