பாத்தி எண்ட சொல்

ரெலிபோன் எடுக்கிற எங்கடை சனத்திலை முக்காவாசிப் பேர் முதலிலை கேக்கிறது "சாப்பிட்டாச்சோ?" எண்டுதான். எந்த நேரமெண்டாலும் அதுதான் கேள்வி. நீங்களும் உள்ளை வந்த உடனை என்னட்டை அதைத்தானே கேட்டனீங்கள், பிள்ளை. ஓம், சாப்பிட்டிட்டன். இருங்கோ. பதியிறதெண்டால் உங்கடை போனை மேசையிலை வையுங்கோ. பதியட்டோ எண்டு கேட்டீங்கள் பாருங்கோ, அது நல்ல பழக்கம். நாங்கள் ஒருத்தரையும் கேக்கிறேல்லை.

என்ரை பேர் அடைக்கலநாதன். கொழும்புத்துறையிலை தனிய இருக்கிறன். இளந்தாரியாய்க் கொழும்பிலை ஒரு கடையிலை நிண்டதாலை சிங்களம் நல்லா எழுதுவன். அதுதான் எனக்கு இந்த வேலையைத் தந்தது. எந்தக் கந்தோர் எண்டு கேக்காதையுங்கோ, அதுக்கு வெளியிலை பேர்ப்பலகையும் இல்லை. ஹெட்போனைக் காதிலை கொழுவிக்கொண்டு, யாழ்ப்பாணத்துச் சனம் கதைக்கிறதைக் கேட்டுச் சிங்களத்திலை எழுதிக் குடுக்கிறதுதான் வேலை. ஒராள் ரெண்டாள் எண்டில்லை. ரெலிபோன் கோபுரத்தாலை போற வாற கதை எல்லாம் வந்து விழும். மீன் கூறு போடுற மாதிரி அள்ளி எங்களுக்குப் பங்கு போட்டுத் தருவினம்.

எனக்கு முதல் இருந்தவர் தமிழை வகுப்பிலை படிச்சவர். ஒரு பொடியன் மாமியோடை கதைக்கேக்கை "சந்தைக்குப் போட்டு வாறன்" எண்டு சொல்லியிருக்கிறான். சந்தைக்குப் போயிட்டு வாறானாம், அவ்வளவுதான். இந்த மனிசன் அதை, சந்தையிலை எதையோ போட்டுவிட்டு வரப்போறான் எண்டு எழுதிப்போட்டுது. என்னத்தைப் போட்டனி, எங்கை போட்டனி எண்டு பொடியனைக் கூட்டிக்கொண்டுபோய் விசாரிச்சவை. அதுக்குப் பிறகுதான் ஊர்ப்பேச்சுத் தெரிஞ்ச ஆள் வேணுமெண்டு என்னைத் தேடிப் பிடிச்சவை. அந்த வகையிலை நான் சனத்துக்கு உதவி செய்யத்தான் போனனான். என்னாலை தப்பின ஆக்கள் கனபேர். அவைக்கு அது தெரியாது.

வேலையை விட்டிருக்கலாமே எண்டு நினைப்பியள். விட்டால், ஏன் விட்டவன், ஆரோடை கதைக்கிறான் எண்டு என்னை எடுத்துக் கேக்கத் தொடங்குவினம். இப்பவும் ஆரோ கேட்டுக்கொண்டுதான் இருப்பினம். கேக்கிற ஆளுக்கும் கேக்கப்படுற ஆளுக்கும் ஒரே கூடுதான், பிள்ளை. எனக்கு அதுக்கை இருக்க ஒரு கதிரை கிடைச்சுது.

பராசக்தி அம்மா என்ரை பங்கிலை விழுந்தது தற்செயல். கொடிகாமத்துக்கு உள்பக்கம் வளவு. புருசன் நடராசா காலமாயிட்டார். ஒரே மகன் தேனுஜன், டென்மார்க்கிலை. நீங்கள் வழக்குப் பேசுறது அவனுக்காகத்தானே, நான் சொல்லி நீங்கள் அறியவேண்டியதில்லை. தாயும் மகனும் நாள் தவறாமல் கதைப்பினம். முருங்கை காய்ச்சுக் கொட்டுது, கோழி அடைக்குக் கிடக்குது, கோயிலிலை ஐயர் மாறிட்டார். முதலிலை எல்லாத்தையும் எழுதினன். பிறகு எழுதுறதை விட்டிட்டுக் கேக்க மட்டும் தொடங்கினன். அடியிலை "சந்தேகமில்லை" எண்டு போட்டுவிட்டால் மேலை ஒருத்தரும் திருப்பிப் பாக்கமாட்டினம். ஆனால் அந்த நம்பரை என்ரை பங்கிலையிருந்து எடுக்கவேண்டாம் எண்டு கேட்டு வைச்சிருந்தனான்.

ஒளிக்க ஒண்டும் இல்லாத ஆள் ஏன் பயப்பிடவேணும் எண்டு கந்தோரிலை அடிக்கடி சொல்லுவினம். சரிதான். அவவிட்டை ஒளிக்க ஒண்டும் இருக்கேல்லை. அதாலைதான் எனக்கு அவவைப் பிடிச்சுப்போனது. ஒருக்கா கிணத்தடியிலை சறுக்கி விழுந்து முழங்கால் வீங்கிப்போச்சு. அதைப் பக்கத்து வீட்டு நிவேதனாவுக்குப் போன் எடுத்து, ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டு சத்தியம் வாங்கித்தான் சொன்னவ. மகனுக்கு, "நான் சோக்கா இருக்கிறன்" எண்டா. அவன் அங்கை நிம்மதியாப் படுத்தான். சோறு இறங்காமல் இருந்தது நான்.

இன்னொருக்கா என்ரை சொந்தப் போனிலையிருந்து எடுத்தன்.

"மாறி எடுத்திட்டன் அம்மா."

"பரவாயில்லைத் தம்பி. என்ன, குரல் அடைச்சுக் கிடக்கு? தடிமனோ? கொத்தமல்லி அவிச்சுக் குடியுங்கோ."

அண்டைக்கு அவிச்சுக் குடிச்சனான். எனக்கு அப்பிடிச் சொல்ல ஒருத்தரும் இருந்ததில்லை.

போன மார்கழியிலை தேனுஜன் எடுத்துச் சொன்னான். "அம்மா, உங்கடை விசா சரிவந்திட்டுது. தை பிறக்க வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு போறன். இனி எங்களுக்கு இந்த ரெலிபோன் கதை தேவையில்லை." அவ சந்தோசத்திலை அழுதா. எவ்வளவு லேசாச் சொல்லிப்போட்டான் பாருங்கோ. நடுவிலை நான் ஒருத்தன் இருக்கிறது அவனுக்குத் தெரியாதுதான். எண்டாலும் சொல்லிப்போட்டான்.

அழுது முடிச்சுப்போட்டு அவ சொன்னா, "பாத்தியைக் கிண்டாமல் நான் வரமாட்டன். நீ வந்து கிண்டித் தா. விட்டிட்டு வந்தால் பழுதாப்போம். கொஞ்சத்தை நீ கொண்டுபோகலாம், மிச்சத்தை அக்கம்பக்கத்துக்குப் பிரிச்சுக் குடுப்பம்."

தை மாசத்திலை உங்களுக்கும் எனக்கும் பாத்தி எண்டால் பனங்கிழங்குப் பாத்திதான். கொட்டையை அடுக்கி மண்ணாலை மூடிவிட்டால் அது முளைச்சுக் கீழை இறங்கும். இறங்கினதைக் கிண்டி எடுத்து அவிக்கிறது. கிழங்கு எண்ட சொல்லை அவ சொல்லேல்லை. ஊரிலை ஒருத்தரும் சொல்லமாட்டினம், ஏன் சொல்லவேணும்? நானும் எழுதேல்லை. அவ சொன்னதை ஒண்டும் கூட்டாமல் எழுதினன். மகன் வெளிநாட்டிலையிருந்து வாறான். வளவுக்கை புதைச்சு வைச்ச இடத்தைக் கிண்டுவான். விட்டால் பழுதாகும். ஒரு பங்கை அவன் கொண்டுபோவான், மிச்சம் அங்கை உள்ள ஆக்களுக்குப் பிரிபடும். அடியிலை "சந்தேகமில்லை" எண்டதை மட்டும் போடேல்லை.

அவன் அலவாங்கோடை பாத்திக்கை நிக்கேக்கை ஜீப் வந்தது. அம்மா அள்ளிப் போடக் கடகத்தோடை பக்கத்திலை நிண்டவவாம். மிச்சத்தை வந்தவையே கிண்டினவை. கிழங்குதான் வந்தது. நல்ல கிழங்காம், தும்பு இல்லாதது. அதோடை விட்டிருவினம் எண்டுதான் நான் நினைச்சனான். ரெண்டு நாள் வைச்சிருந்து விசாரிப்பினம், பயணம் தவறும், விசா தவறும், எல்லாம் பழையபடி நடக்கும் எண்டு. ஆனால் கிழங்கைக் கண்டால், புதைச்ச ஆயுதத்தை முதலே மாத்திப்போட்டினம் எண்டு நினைக்கிற ஆக்கள் அவை. பயங்கரவாதச் சட்டத்திலை பிடிச்ச ஆளை விடுறதும் லேசில்லை, உங்களுக்கு நான் சொல்லவேணுமே. விசாரிக்கேக்கை அடிச்சதிலை அவன்ரை இடக்காது இனிக் கேக்காதாம். அதை அறிஞ்சு நான் கவலைப்பட்டனான்.

தாய் எப்பிடிப் பயணம் போறது? அவ நிண்டிட்டா. கதையும் கூடிச்சுது. டென்மார்க்கிலை இருக்கிற மருமகளோடை, நிவேதனாவோடை, உங்களோடை. சிங்களத்திலை கடிதம் வருது, வாசிக்க ஒருத்தரும் இல்லை எண்டு ஒரு நாள் அழுதா. அடுத்த நாள் நான் போய்ப் படலையைத் தட்டினன். சேர்ச்சாலை உதவிக்கு வந்த ஆள் எண்டன். "கடவுள்தான் உங்களை அனுப்பினவர்" எண்டு சோறு போட்டுத் தந்தா. அண்டையிலையிருந்து கடிதம் வாசிக்கிறதும் மறுமொழி எழுதுறதும் நான்தான்.

முழங்காலுக்கு எண்ணெய் வாங்கிக்கொண்டு போனதுதான் பிழைச்சுப்போச்சு. போனிலை நிவேதனாவுக்கு மட்டும் சொன்னது இந்தத் தம்பிக்கு எப்பிடித் தெரிஞ்சுது எண்டு அவ யோசிக்கேல்லை. எண்ணெயைப் பற்றி உங்களுக்குப் பெருமையாச் சொல்லியிருக்கிறா, நீங்கள் யோசிச்சனீங்கள். கெட்டிக்காரிதான்.

சிங்களத்திலையும் "பாத்திய" எண்டுதானே சொல்லுறது, ஏன் அதை எழுதேல்லை எண்டு கேக்கிறீங்கள். ஓம். ரெண்டு பாஷையிலையும் கிட்டத்தட்ட ஒரே சொல். எழுதியிருந்தால் தோட்டம் கிண்டுற கதை எண்டு அவைக்கு உடனை விளங்கியிருக்கும், ஒருத்தரும் ஜீப்பிலை ஏறியிருக்கமாட்டினம். பேனை அந்தச் சொல்லுக்குத்தான் போனது. நான்தான் மறிச்சு, புதைச்ச இடம் எண்டு எழுதினன். அவவைப் போகவிடக் கூடாது எண்டு எழுதினன். இதுதான் நீங்கள் கேக்க வந்தது.

இப்ப அந்தச் சத்தியக் கடதாசியை நீட்டுறீங்கள். பாத்தி எண்டால் கிழங்குப் பாத்தி எண்டு நான் கையெழுத்து வைச்சால் அவனை வெளியிலை எடுக்கலாம் எண்டு சொல்லுறீங்கள். எடுக்கலாம்தான். எனக்கு அவனிலை ஒரு கோபமும் இல்லை. ஆனால் வந்த கையோடை அவவைக் கூட்டிக்கொண்டு போயிடுவான். அந்தக் குளிருக்கை, பாஷை தெரியாத ஊரிலை, நாலு சுவருக்கை அவவை அடைச்சு வைக்கப்போறான். அதை ஒருத்தரும் யோசிக்கிறியள் இல்லை.

பேனையை மூடுங்கோ, பிள்ளை. வயசு போன காலத்திலை தாய்க்குப் பக்கத்திலை மகன் எண்டு ஒருத்தன் இருக்கவேணும். அதுதான் நான் இருக்கிறன்.