செத்தது எண்டொரு கடிதம்

இல்லை விதானையார், நான் இருக்கேல்லை, நிண்டே சொல்லுறன். கொடிகாமச் சந்தியிலை கந்தப்பு அண்ணை சைக்கிளோடை நிக்கிறார், பின்னேரம் கிளாலியாலை வள்ளமேறிக் கொழும்புக்குப் போறவர். அவரிட்டைக் குடுத்துவிட்டாத்தான் கடிதம் கனடா போய்ச் சேரும். நாலு வரி, உங்கடை கையெழுத்து, ஒரு சீல். குணலட்சுமி எண்டவ தொண்ணூறாம் ஆண்டு காங்கேசன்துறையிலை செல் விழுந்து செத்துப்போனா எண்டு. அவ்வளவுதான்.

ஓம், எனக்கு அக்கா. கூடப்பிறந்த அக்கா. நீங்கள் போன மாசந்தானே இஞ்சை கிராமசேவகராய் மாறி வந்தனீங்கள், உங்களுக்குத் தெரிய ஞாயமில்லை.

ஏன் இப்பவோ? அத்தான் பரமலிங்கம் அங்கை சிற்றிசனுக்குப் போடப்போறார். நிரந்தரமாய் இருக்கிற பேப்பர் கிடைச்சு மூண்டு வருசமாச்சு. எல்லாம் அடுக்கி வைச்சிருக்கேக்கை எந்த நாசமறுவானோ பெட்டிசம் போட்டிட்டான், பெண்சாதி ஊரிலை உயிரோடை இருக்கிறா எண்டு. இப்ப சாவுக்கு அத்தாட்சி கேக்கிறாங்கள். இந்த மாசம் முடிய முந்திக் குடுக்காட்டி இருக்கிற பேப்பரையும் பறிச்சுத் திருப்பி அனுப்பிப்போடுவாங்களாம். கட்டுநாயக்கா எயாப்போட்டிலை வந்து இறங்கினா, ஆமி பிடிக்காமல் அந்த மனுசன் வீடு வந்து சேருமோ? சொல்லுங்கோ பாப்பம்.

பதிவோ? ஆர் பதிஞ்சது? உடுத்த துணியோடை ஓடி வந்தனாங்கள், நீங்கள் சேட்டிபிக்கற் கேக்கிறியள். கோவிக்காதேங்கோ. அந்தரத்திலை வாய் நீளுது.

எரிச்சதோ? எரிச்சது... கிணத்தடிக்குப் பின்னாலை. ஓம், வளவுக்கைதான். அந்தியேட்டி செய்து சாம்பல் கரைக்கக் கீரிமலைக்கு எப்பிடிப் போறது, அங்கை ஆமியெல்லே.

பிள்ளையள் ரெண்டும் என்னோடைதான். மூத்தவனுக்குப் பதின்மூண்டு. பள்ளிக்கூடத்திலை இயக்கத்துக்கு ஆள் சேக்கக் கிழமைக்கொருக்கா வந்து கூட்டம் வைக்கினம், உங்களுக்குத் தெரியாததே. சிற்றிசன் எடுத்த கையோடை, தாயில்லாப் பிள்ளையள் எண்டு அத்தான் கூப்பிட்டிடுவார்.

என்ன, அட்டையோ? ஐயோ. விதானையாரிட்டை வாறதெண்டா நிவாரண அட்டையும் கையுமாய் வந்து பழகிப்போச்சு. அந்தப் பழக்கத்திலை நீட்டிப்போட்டன். வாசியாதேங்கோ... ஓம், குடும்பத் தலைவி குணலட்சுமி. போன கிழமை சங்கக்கடையிலை அரிசி எடுத்துக் கையெழுத்து வைச்சதும் குணலட்சுமிதான்.

ஓம். நான்தான்.

அப்பிடிப் பாராதேங்கோ. அங்கை அகதிக் கேஸ் விசாரிக்கேக்கை, அப்பிடிச் சொன்னாத்தான் கேஸ் வெல்லுமெண்டு ஆரோ சொல்லிக் குடுக்க, பெண்சாதி செத்துப்போனா எண்டிட்டார். கேட்ட அண்டைக்கு எனக்கும் பத்தி எரிஞ்சது. மூண்டு நாள் அவற்றை கடிதத்தைப் பிரிச்சும் பாக்கேல்லை. பேந்துதான் யோசிச்சன். இனி மாத்திச் சொன்னா அவரும் போச்சு, பிள்ளையளும் போச்சு. செத்தா நான் ஒருத்திதான். அட்டையிலை என்ரை பேரை வெட்டிவிடுங்கோ, என்ரை அரிசி இல்லாமல் சமாளிப்பன். கடிதத்தை மட்டும் எழுதித் தாங்கோ, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

பிள்ளையளுக்குத் தெரியுமோ எண்டோ? எம்பசியிலை அதுகளைத் தனியக் கூப்பிட்டுக் கேப்பாங்களாம். வாசல்லை நிக்கிறது சின்னவள்தான், வேணுமெண்டாக் கேட்டுப் பாருங்கோ நான் ஆரெண்டு. சித்தி எண்டுதான் சொல்லுவாள். ஒரு மாசமாப் பழக்கிறன். நித்திரையிலை மட்டுந்தான் இன்னும் அம்மா எண்டுறாள்.